அக்காவுக்கு ஒரு விளிம்புத் தொப்பி

(நமது பகுதி நேர நிருபர்)

கல்யாண், அம்பர்நாத் பக்கமிருந்து மும்பைக்கு வேலைக்குப் போய்வரும் நம்மவர்களுக்குத் தெரியும். லோக்கல் வண்டியின் பெண்கள் பெட்டி ஓர் ஓடும் அடுக்களை. பட்டாணி உரிப்பார்கள். கீரை ஆய்வார்கள். சிலர் மடியில் நூல் உருண்டையை வைத்துக்கொண்டு, கொக்கி வைத்த ஒற்றை ஊசியால் எதையாவது பின்னிக்கொண்டே வருவார்கள். ஸ்டேஷன் வந்ததும் ஊசியை உருண்டையில் செருகிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவார்கள். மறுநாள் காலையில் விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும்.

ஆண்கள் பெட்டியில் இந்தக் காட்சி கிடையாது. அங்கே சீட்டுக்கட்டு உண்டு, பஜனை உண்டு, அரசியல் உண்டு. பின்னல் கிடையாது.

சென்ற ஆண்டு கோடையில் நான் அந்த வழக்கத்தை மீறினேன். நாலாவது சீட்டில் பாதி உட்கார்ந்தும் பாதி தொங்கியும், விளிம்பு வைத்த ஒரு தொப்பியைப் பின்னினேன். பின்னல் என்றால் என்னவென்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. சட்டைப் பொத்தான் தைக்கக்கூட மனைவியைத்தான் கூப்பிடுவேன்.

காரணம் என் அக்கா.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வந்து கல்யாணில் இறங்கினாள். மார்பில் கட்டி. பரேலில் வைத்தியம். மருந்தை நரம்பு வழியாக ஏற்றத் தொடங்கிய மூன்றாவது வாரம் தலைமுடி கொத்துக் கொத்தாக வந்துவிட்டது. இந்த வகை மருந்துகள் பலவற்றுக்கு இது சகஜம் என்றும், வைத்தியம் முடிந்தபின் பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும் என்றும் டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சொல்லியிருந்தும் என்ன? தலையணையைப் பார்த்துவிட்டு அக்கா இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை.

"திருச்செந்தூர்ல முருகனுக்கு முடி குடுத்தா சந்தனம் பூசிக்கிடலாம். இதுக்கு என்னத்தப்பா பூச?" என்று கேட்டாள்.

டோப்பா வாங்கிக் கொடுத்தேன். அரிக்கிறது என்று கழற்றி எறிந்தாள். முடி போன தோல் மிகவும் மென்மையாக இருக்கும்; சிறு தையல்கூட உறுத்தும். சேலை முந்தானையைப் போட்டுக்கொண்டால் வழுக்கிக்கொண்டு விழுந்தது. பிளாட்பாரத்துக் கடையில் கிடைத்த தொப்பிகள் நைலான், உள்ளே வெந்துவிடும். கம்பளிக் குல்லாயைப் பற்றிப் பேசவே வேண்டாம். மும்பையின் மே மாதம். டாக்டரோ, தலையில் வெயில் படவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

பருத்தியில், தையல் இல்லாமல், முகத்துக்கு நிழல் தரும் விளிம்போடு ஒரு தொப்பி வேண்டும். கடை கடையாக ஏறி இறங்கினேன். கிடைக்கவில்லை.

இரண்டாவது மாடி பென்

எங்கள் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் தாவூதி போரா சமூகத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டி இருக்கிறார். எல்லோரும் அவரை 'பென்' என்பார்கள். குஜராத்தியில் சகோதரி என்று அர்த்தம். போரா ஆண்கள் அணியும் வெள்ளைத் தொப்பியை நீங்கள் பெண்டி பஜாரில் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் பொன் சரிகைப் பட்டை ஓடும். அது வீட்டுப் பெண்கள் கையால் பின்னுவது. பென்னும் மகன்களுக்கும் பேரன்களுக்கும் பின்னிக்கொண்டே இருப்பார்.

என் சங்கடத்தைச் சொன்னேன். அவர் ஊசியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார்.

"தொப்பிக்கு மூன்று பாகம், பேட்டா. தட்டு, சுவர், விளிம்பு. எங்கள் தொப்பியில் தட்டும் சுவரும் உண்டு. விளிம்பு கிடையாது. அதை நீ கணக்குப் போட்டுக் கண்டுபிடி. நீதான் ரயில்வே குமாஸ்தா ஆயிற்றே!" என்றார்.

"நீங்களே பின்னிக் கொடுத்துவிடக் கூடாதா?" என்று கெஞ்சினேன்.

"எனக்குக் கண்புரை. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். என் விரலுக்குப் பழகிய தொப்பியைத் தடவியே பின்னிவிடுவேன். புதிதாக ஒன்று என்றால் கண் வேண்டும்" என்றார். அதன்பின் நான் பேசவில்லை.

ஆண்பிள்ளை பின்னுவதா என்று மனைவி சிரித்தாள். எங்கள் பக்கம் மணப்பாட்டுக் கடற்கரையில் வலை பின்னுகிறவர்கள் யார் என்று பதிலுக்குக் கேட்டேன். அதற்கு அவளிடம் விடை இல்லை.

ஊசியும் நூலும்

இந்த வேலைக்குக் குரோஷா என்று பெயர். பிரெஞ்சு மொழியில் சின்னக் கொக்கி என்று பொருள். இரண்டு நீள ஊசிகளால் செய்யும் ஸ்வெட்டர் பின்னல் வேறு. இதற்கு ஒரே ஊசி. எந்த நேரத்திலும் ஊசியில் இருப்பது ஒரே ஒரு கண்ணிதான். அதனால் வண்டியில் யாராவது இடித்துவிட்டாலும் மொத்த வேலையும் கழன்று போகாது. தவறு செய்தால் ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தால் போதும். பின்னியதெல்லாம் திரும்ப நூலாகி வந்துவிடும். கற்றுக்குட்டிக்கு இதைவிடப் பெரிய சலுகை வேறு எந்தக் கைத்தொழிலிலும் கிடையாது. துணியில் கத்திரி பட்டால் பட்டதுதான்.

மெல்லிய எஃகு ஊசி லேஸ் வேலைக்கு. தொப்பிக்கு 4 மில்லிமீட்டர் அலுமினிய ஊசி போதும். நூல், பருத்தியில் கொஞ்சம் கனமானது.

அக்காவுக்குப் பிடிக்குமே என்று அரக்கு நிறத்தில் நூல் வாங்கினேன். முதல் தவறு அதுதான். ராத்திரி விளக்கில் கண்ணியே தெரியவில்லை. "பழகுகிறவன் வெளிர் நிறம் வாங்க வேண்டும்" என்று பென் திட்டினார். மறுநாள் சந்தன நிறத்தில் வாங்கிவந்தேன்.

முதலில் சங்கிலி. நூலில் ஒரு சுருக்குப் போட்டு ஊசியில் மாட்ட வேண்டும். நூலைக் கொக்கியில் ஒரு தரம் சுற்றிச் சுருக்குக்குள்ளே இழுத்தால் ஒரு கண்ணி. இப்படி நான்கு கண்ணி போட்டு, கடைசியை முதலோடு கோத்தால் ஒரு சிறு வளையம். அந்த வளையம்தான் உச்சி.

அடுத்தது குட்டைக் கண்ணி. கொக்கியை வளையத்துக்குள் விட்டு நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு கண்ணி நிற்கும். மறுபடி நூலைச் சுற்றி இரண்டுக்குள்ளும் ஒரே இழுப்பு. முடிந்தது. தொப்பி முழுவதற்கும் இந்த ஒரு வித்தைதான்.

கை மட்டும் கேட்கவில்லை. நூலை இடது ஆள்காட்டி விரலில் சுற்றிப் பிடிக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் ஊசி உள்ளே நுழையாது. தளர விட்டால் பின்னல் கொசுவலை ஆகும். நான் பயத்தில் இறுக்கியே பிடித்தேன். மூன்று நாள் வெறும் சங்கிலியாகப் போட்டு, போட்டு, பிரித்தேன்.

ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு

இனித் தட்டு. வளையத்துக்குள் ஆறு குட்டைக் கண்ணி. இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டு; ஆகப் பன்னிரண்டு. மூன்றாவது சுற்றில் ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு, பதினெட்டு. நான்காவதில் இரண்டு கண்ணியில் ஒவ்வொன்று, மூன்றாவதில் இரண்டு, இருபத்துநான்கு. சுற்றுக்கு ஆறு கூடினால் தட்டு தட்டையாகவே வளரும். ஆறுக்குக் குறைந்தால் கிண்ணமாகக் குவியும். மிஞ்சினால் மடிப்பு விழும்.

எளிதாகத்தான் கேட்கிறது. என் முதல் தொப்பி சிரட்டை அளவில் நின்றுவிட்டது!

கோளாறு கணக்கில். இந்தப் பின்னல் சுருள் சுருளாகப் போவதால் ஒரு சுற்று எங்கே முடிந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. டோம்பிவிலியில் கூட்டம் ஏறும்போது ஒரு கண்ணி விட்டுப்போகும். தாணாவில் ஒன்று. குர்லாவில் இரண்டு. கூட்ட வேண்டிய இடம் தள்ளிப்போய், தட்டு குவிந்து, சிரட்டையாகி விட்டது. அதைக் கையில் வாங்கிப் பார்த்த அக்கா, "ஏலே, இது பிள்ளையாருக்கா?" என்றாள். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். அதற்காகவே அந்தச் சிரட்டையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

பென் ஒரு ஊக்கைக் கொடுத்தார். ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் அதைக் குத்த வேண்டும். சுற்று முடிந்ததும் எண்ண வேண்டும். பிறகு ஊக்கை அடுத்த சுற்றுக்கு ஏற்ற வேண்டும். நாங்கள் ஆபீசில் ஒவ்வொரு தாளின் அடியிலும் கூட்டுத்தொகை போட்டு அடுத்த தாளுக்குக் கொண்டுபோவது போலத்தான். பத்தாவது தாளில் வந்த தவறை முதல் தாளில் தேடும் வேதனை குமாஸ்தாக்களுக்குத் தெரியும்.

இரண்டாவது முயற்சி கூம்பாக வந்தது. இதற்குக் காரணம் வேறு. வீட்டில் கிடந்த ஒரு பழைய தையல் புத்தகத்தையும் கைப்பேசியில் வரும் செயல்முறைப் படத்தையும் சேர்த்துப் படித்துவிட்டேன். பிரிட்டிஷ்காரர்கள் டபுள் குரோஷா என்பதை அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷா என்கிறார்கள். அமெரிக்கரின் டபுள் குரோஷா அதைவிட இரண்டு மடங்கு உயரம். நமது பழைய புத்தகங்களில் பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கு. கைப்பேசியில் பெரும்பாலும் அமெரிக்க வழக்கு. நான் உயரக் கண்ணியைப் போட்டுக்கொண்டு சுற்றுக்கு ஆறு மட்டுமே கூட்டினேன். உயரக் கண்ணிக்குச் சுற்றுக்குப் பன்னிரண்டு கூட்ட வேண்டுமாம். தவிர, அதில் இடைவெளி அதிகம். வெயில் உள்ளே வரும். குட்டைக் கண்ணிதான் அக்கா தலைக்கு ஏற்றது. பழக நினைப்பவர்கள் எந்த நாட்டு வழக்கு என்று முதலில் பார்த்துவிட்டு ஊசியை எடுங்கள்.

இன்னொன்று. எப்போதும் ஒரே இடத்தில் கூட்டினால் தட்டு வட்டமாக இராது, ஆறு மூலையாகிவிடும். சுற்றுக்குச் சுற்று கூட்டும் இடத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும்.

பள்ளிக்கூடக் கணக்கு

தட்டு எவ்வளவு பெரிதாக வேண்டும்? பென் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. கணக்கு கைகொடுத்தது. அக்காவின் நெற்றிக்கு மேல் டேப் வைத்து அளந்தேன். ஐம்பத்துநாலரை சென்டிமீட்டர். பருத்திப் பின்னல் சற்று நெகிழும். ஆகவே ஒன்றரை குறைத்து ஐம்பத்துமூன்று. அதை ஏழால் பெருக்கி இருபத்திரண்டால் வகுத்தால் ஏறக்குறையப் பதினேழு. அதுதான் தட்டின் குறுக்களவு.

என் கைக்குப் பதினாறாவது சுற்றில் பதினேழு சென்டிமீட்டர் வந்தது. தொண்ணூற்றாறு கண்ணி. உங்கள் கைக்குப் பதினைந்திலும் வரலாம், பதினெட்டிலும் வரலாம். எண்ணிக்கையை நம்பாமல் டேப்பை நம்புங்கள்.

சுவர் சுலபம். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். தொண்ணூற்றாறைத் தொண்ணூற்றாறாகவே இருபது சுற்றுப் பின்னினால், தட்டு தானாகக் கீழே மடங்கித் தலையில் உட்காரும். அந்த ஒரு வாரம்தான் நான் வண்டியில் தலைநிமிர்ந்து பின்னினேன். எதிர் சீட்டு மராத்திக்காரர் ஒருவர், தம் அம்மாவும் இப்படிப் பின்னுவார் என்று சொல்லி, அதற்குப் பிறகு எனக்காக முழங்கையை ஒடுக்கிக்கொண்டார். கல்யாண் லோக்கலில் அது பெரிய தியாகம்.

இந்த வேலை நம் நாட்டுக்கு வந்த கதையையும் அந்த வாரத்தில்தான் தேடிப் படித்தேன். அயர்லாந்தில் 1845-க்குப் பின் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது ஏழைக் குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது இந்தக் கொக்கி ஊசிதான். இங்கே பாதிரிமார் குடும்பங்கள் பல வகை லேஸ் வேலையைக் கற்றுக்கொடுத்தன. நாகர்கோவிலிலும் இடையன்குடியிலும் பெண்கள் செய்த லேஸ், தலையணையில் குண்டூசி குத்தி மரக்கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னும் வேறு வகை. கொக்கி ஊசி வேலை வேரூன்றியது ஆந்திராவின் கோதாவரிக் கரையில் இருக்கும் நரசாப்பூரில். எங்கள் இலாகாவினருக்கு அந்த ஊர், பீமாவரத்திலிருந்து பிரியும் கிளைப் பாதையின் கடைசி ஸ்டேஷன்.

நரசாப்பூர்க் குரோஷா லேஸுக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல செய்தி. ஆனால் மரியா மீஸ் என்ற ஜெர்மன் பெண் ஆராய்ச்சியாளர் 1982-ல் வெளியிட்ட புத்தகத்தில் எழுதியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லேஸ் கடல் கடந்து விற்றது, வியாபாரிகள் வளர்ந்தார்கள், ஆனால் பின்னிய பெண்களைத் தொழிலாளி என்றே யாரும் கணக்கில் எடுக்கவில்லை, வீட்டில் சும்மா இருந்த நேரத்தில் பின்னியவர்கள் என்றார்கள். ஒரு தொப்பிக்கு எத்தனை கண்ணி என்று எண்ணிப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இதில் கோபம் உண்டு. என் தொப்பியில் தட்டு 816, சுவர் 1,920, விளிம்பு 1,656. ஆக மொத்தம் 4,392. இது சும்மா இருந்த நேரமா?

விளிம்பு

பென்னுக்கும் தெரியாத இடம் இதுதான். சுவருக்குக் கீழே பின்னல் வெளிப்பக்கம் விரிய வேண்டும். அதற்கு மறுபடி கூட்ட வேண்டும். எத்தனை?

நான் ஆசைப்பட்டு இரண்டுக்கு ஒன்று கூட்டினேன். ஒரே சுற்றில் 96 என்பது 144 ஆயிற்று. அடுத்த சுற்றிலும் அப்படியே. விளிம்பு பாவாடைக் கொசுவம் போல அலை அலையாக எழுந்து நின்றது. "பாப்பாவுக்குக் கவுன் தைக்கிறியா தம்பி?" என்றாள் அக்கா. பிரித்தேன்.

அன்று இரவுதான் விளங்கியது. விளிம்பு என்பது வேறொன்றும் இல்லை. பாதியில் நிறுத்திய தட்டின் மிச்சம். அதே கணக்குத்தான். சுற்றுக்கு ஆறு, அல்லது ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு. ஏழு கண்ணியில் ஒவ்வொன்று, எட்டாவதில் இரண்டு, 108. அடுத்த சுற்று கூட்டாமல். பிறகு எட்டில் ஒவ்வொன்று, ஒன்பதாவதில் இரண்டு, 120. இப்படிப் பன்னிரண்டு சுற்றில் 168 கண்ணி, ஆறு சென்டிமீட்டர் அகலம். விளிம்பு தட்டையாக நின்றது. கொஞ்சம் கீழே சரிந்து கண்ணை மறைக்க வேண்டுமானால் கூட்டுவதைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

நின்றது என்று சொன்னேனே தவிர, மறுநாளே தொங்கிவிட்டது. பருத்தியின் குணம் அது. மனைவி சோறு வடித்த கஞ்சியில் விளிம்பை மட்டும் நனைத்து, சாப்பாட்டுத் தட்டின் மேல் கவிழ்த்து உலர்த்தினாள். விறைப்பாக வந்தது. ஆனால் ஜூன் மாதம் முதல் மழையில் கஞ்சி பிசுபிசுத்துப் போயிற்று. கடைசியில், தங்கூசி என்று எங்கள் கடற்கரைப் பக்கம் சொல்லும் நைலான் நரம்பில் கொஞ்சம் வாங்கி, விளிம்பின் கடைசிச் சுற்றில் அதன் மேலேயே கண்ணிகளைப் போட்டு மூடினேன். மழையில் நனைந்தாலும் வடிவம் மாறவில்லை.

நூலின் வால்களை முடிச்சுப் போடக் கூடாது. மழுங்கிய பெரிய ஊசியில் கோத்துக் கண்ணிகளுக்குள்ளேயே ஒளித்துவிட வேண்டும். சாதாரணத் தலைக்கு முடிச்சு தெரியாது. அக்கா தலைக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி வரிசை

அடுத்த தவணை மருந்துக்கு அக்கா அந்தத் தொப்பியோடுதான் வந்தாள். பரேல் ஸ்டேஷன் பாலத்தில் ஏறும்போது முந்தானையை ஒருமுறைகூட இழுத்துவிடவில்லை. வரிசையில் பக்கத்தில் இருந்தவர், பீகாரிலிருந்து மகளுக்கு வைத்தியம் பார்க்க வந்த அம்மாள். தொப்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு எங்கே வாங்கியது என்று கேட்டார். அக்காவுக்கு இந்தி வராது. என்னைக் காட்டினாள். அந்த அம்மாள் நம்பவில்லை.

அந்தப் பெண் பிள்ளைக்கு ஒன்று பின்னினேன். பத்து வயதுத் தலை. பதினைந்து சுற்றிலேயே தட்டு முடிந்தது. இளஞ்சிவப்பு கேட்டாள்.

2016-ல் சென்னையில் குரோஷாக்காரப் பெண்கள் நாடெங்குமிருந்து பின்னிய துண்டுகளைச் சேர்த்து, பதினோராயிரம் சதுர மீட்டருக்கு மேல் ஒரு போர்வையாக விரித்து கின்னஸ் சாதனை செய்தார்கள். அதோடு ஒப்பிட்டால் என் இரண்டு தொப்பிகள் ஒரு மூலைக்குக் காணாது. ஆனாலும் பென்னிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். விளிம்பை விரலால் சுற்றிலும் தடவினார். பதினொன்றாவது சுற்றில் ஒரு கண்ணி விட்டிருக்கிறாய் என்றார். எண்ணிப் பார்த்தேன். உண்மை.

அக்டோபரில் அக்கா ஊருக்குத் திரும்பினாள். அதற்குள் அரை அங்குலம் முடி முளைத்திருந்தது. நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் கல்யாணில் நின்ற சில நிமிஷத்தில், நூல் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். ஊசியையும் அரக்கு நூலையும் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.

போன வாரம் போன் செய்தாள்.

"எட்டாவது சுத்துல எத்தன கண்ணி வரணும் தம்பி?"

"நாப்பத்தெட்டு."

"எனக்கு நாப்பத்தேழுதான்ல வருது."

"பிரிச்சிரு அக்கா" என்றேன்.